பழைய புல்லட்டில் பதிந்த கைகள்

பழைய மோட்டார் சைக்கிள் வாங்க நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த வருஷ வண்டி வரைக்கும் வாங்கலாம்?" என்பதுதான். வருஷத்தைப் பற்றி எனக்குப் பெரிய கவலை கிடையாது. அறுபதுகளில் வந்த புல்லட் இன்றைக்கும் முதல் உதையிலேயே எழுந்து ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். இருபது வருஷம்கூட ஆகாத வண்டி பட்டறையே கதியென்று கிடப்பதையும் பார்த்திருக்கிறேன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், இடைப்பட்ட காலத்தில் அவற்றைத் திறந்து மூடியவர்களின் கை. இரும்பு தானாகக் கெட நிறைய நாளாகும். ஆள் நினைத்தால் ஒரு மத்தியானம் போதும். பழைய வண்டியை வாங்குவதும், வாங்கியபின் கோளாறு தேடுவதும் என் அனுபவத்தில் ஒரே வேலைதான். முன்னால் இருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்று கண்டுபிடிக்கும் வேலை.

நான் இங்கே சொல்வதெல்லாம் வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட் 350 பற்றியது. பட்டறைகளில் 'காஸ்ட் அயன்' என்பார்கள். 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 346 சிசி. இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரில் உருவான இன்ஜின். 1955இல் அந்த ரெட்டிச் நிறுவனம் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்க, திருவொற்றியூரில் புல்லட் தயாராக ஆரம்பித்தது. ரெட்டிச் ஆலையை 1967இல் மூடினார்கள். பிராட்ஃபோர்டு ஆன் ஏவன் என்ற ஊரில் மிச்சமிருந்த உற்பத்தியும் 1970இல் நின்றது. இங்கே மட்டும் அதே இன்ஜின், சின்னச் சின்ன மாற்றங்களோடு, 2010 வாக்கு வரை வந்துகொண்டிருந்தது.

இந்த நீண்ட ஆயுளால் வாங்குகிறவனுக்கு ஒரு தொல்லை உண்டு. எழுபதுகளின் சேஸில் தொண்ணூறுகளின் இன்ஜின் பெரிய சண்டை போடாமல் உட்கார்ந்துவிடும். ஒன்றின் ஹெட், இன்னொன்றின் கியர்பாக்ஸ், வேறொன்றின் முன்சக்கரம் என்று சேர்ந்த வண்டிகள் ஊர் முழுக்க ஓடுகின்றன. தவிர, இது பிரிப்பதற்கு எளிதான இன்ஜின். கையில் கொஞ்சம் ஸ்பேனர்கள் இருந்தால் தெருவோரத்திலேயே ஹெட்டைக் கழற்றலாம். அந்த எளிமையைப் பெருமையாகச் சொல்வோம். ஆனால் கழற்றத் தெரிந்த எல்லோருக்கும் மாட்டத் தெரிந்திருக்கவில்லை என்பது ஒவ்வொரு பழைய புல்லட்டிலும் எழுதியிருக்கிறது.

முதலில் காகிதம். வண்டியைப் பார்த்து மனம் இளகுவதற்கு முன்பே ஆர்.சி. புத்தகத்தை வாங்கிப் பார்த்துவிட வேண்டும். இன்ஜின் எண், கிராங்க்கேஸின் இடப்பக்கம் சிலிண்டருக்குக் கீழே இருக்கும். சேஸ் எண் ஹேண்டில்பாரின் கழுத்துப் பகுதியில். கிரீஸையும் பெயின்டையும் துடைத்துவிட்டு, மேலே காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து ஆர்.சி.யோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டும். ஒரு எண்ணின் அச்சு மட்டும் மற்றவற்றைவிட ஆழமாகவோ சாய்ந்தோ இருந்தால், சுற்றியுள்ள இரும்பு அரம் போட்டதுபோல வழுவழுப்பாக இருந்தால், டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவது நல்லது. அதைச் சரிசெய்ய எந்தப் பட்டறையாலும் முடியாது.

சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு பதினைந்து வருஷம். அதன்பிறகு ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள், பசுமை வரி கட்டியிருக்கிறார்களா, வேறு மாநில வண்டியென்றால் தடையில்லாச் சான்று இருக்கிறதா என்று பாருங்கள். விற்பவர் 29, 30ஆம் படிவங்களில் கையெழுத்துப் போட்டுத் தருவார். ஆர்.சி.யில் பெயர் உள்ளவர் காலமாகியிருந்தால் வாரிசு வழியாக 31ஆம் படிவம். எப்போதோ வாங்கிய கடனை அடைத்திருப்பார்கள், ஆனால் ஆர்.சி.யில் அது ரத்தாகாமல் இருக்கும். அதற்கு 35ஆம் படிவம். எம்.டி., டி.எம். என்று தொடங்கும் பழைய எண்ணுக்காகவே சிலர் வண்டி வாங்குவார்கள். ஆசைப்படலாம், ஆனால் அந்த எண் உயிரோடு இருக்க வேண்டும்.

2021இல் வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தம், ஐம்பது வருஷத்தைத் தாண்டிய, அசல் வடிவம் மாறாத வண்டிகளை 'வின்டேஜ்' என்று தனியாகப் பதிவுசெய்ய வழி செய்தது. புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய், பத்து வருஷச் செல்லுபடி. ஆனால் அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, அணிவகுப்பு போன்றவற்றுக்கு எடுத்துப் போகலாம். காய்கறி வாங்கவும் இதே புல்லட்டில்தான் போவேன் என்கிறவருக்கு வழக்கமான பதிவே சரி.

காகிதம் சரியென்றால் வண்டியைப் பார்க்கப் போகலாம். கிளம்பும்போது விற்பவருக்குப் போன் செய்து, "அண்ணே, நான் வர்றதுக்குள்ள ஸ்டார்ட் பண்ணி வெச்சிடாதீங்க, குளிர்ந்த இன்ஜினாவே பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிடுவேன். போனதும் முதலில் சிலிண்டரில் கை வைப்பேன். சூடாக இருந்தால், காலையில் அது எழுந்த கதையை மறைத்திருக்கிறார் என்று அர்த்தம். "சும்மா ஒரு ரவுண்டு போயிட்டு வந்தேன் தம்பி" என்பார். பரவாயில்லை என்று உட்கார்ந்து, குளிரும்வரை வண்டியைச் சுற்றிப் பார்ப்பேன்.

அந்த நேரத்தில் நான் பெயின்டைப் பார்ப்பதில்லை. நட்டுகளையும் ஸ்க்ரூக்களையும் பார்ப்பேன். முனை மழுங்கி உருண்டுபோன நட்டு, உளி வைத்துத் தட்டிய தழும்பு, டைமிங் கவர் ஸ்க்ரூக்களில் சிதைந்த தலை இதெல்லாம் கையொப்பங்கள். பழைய புல்லட்டில் பிரிட்டிஷ் மரை நிறைய இருக்கிறது. மெட்ரிக் ஸ்பேனரை வைத்தால் பிடிப்பதுபோலத் தோன்றும். முறுக்கினால் முனையைத் தின்றுவிடும். மழுங்கிய நட்டு ஒன்றிரண்டு இருந்தால் மன்னித்துவிடலாம். எங்கு பார்த்தாலும் அப்படியென்றால், வெளியே தெரியும் நட்டிலேயே பொறுமை இல்லாதவர் உள்ளே என்ன செய்திருப்பார் என்று யோசிக்க வேண்டும்.

அடுத்தது இணைப்புகளில் பிதுங்கி நிற்கும் பசை. பேக்கிங் காகிதத்துக்குப் பதில் சிலிக்கானை அப்பி மூடியிருப்பார்கள். வெளியே ஒரு மில்லிமீட்டர் பிதுங்கியிருந்தால் உள்ளேயும் அவ்வளவு பிதுங்கியிருக்கும். அது என்றைக்காவது பிய்ந்து ஆயிலோடு சுற்றப் போய் வழியை அடைக்கும். இந்த இன்ஜினில் கிராங்க்கேஸுக்குள்ளேயே தனி அறையில் ஆயில் இருக்கிறது. டைமிங் பக்கத்தில் ஒரு பம்ப் அதைக் கிராங்குக்கு அனுப்புகிறது, இன்னொரு பம்ப் திரும்ப இழுக்கிறது. நவீன இன்ஜின்போல அழுத்தம் கிடையாது, வழியும் குறுகல். சின்னத் துணுக்கே போதும்.

பெட்ரோல் டாங்கில் காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் இரும்புக்குப் பதில் பட்டி இருக்கிறது. மூடியைத் திறந்து டார்ச் அடித்து, உள்ளே துரு எவ்வளவு என்று பாருங்கள். திருவொற்றியூரில் டாங்கின் தங்கக் கோடுகளைக் கையாலேயே தூரிகையில் இழுத்தார்கள். கூர்ந்து பார்த்தால் கோட்டின் கனம் அங்கங்கே இம்மி மாறும். ஸ்டிக்கர் கோடு எல்லா இடத்திலும் ஒரே கனத்தில் இருக்கும். கோடு அசலாக இருந்தால் அதன் அடியில் இருக்கும் பெயின்டும், அதன் அடியில் இருக்கும் தகடும் அசலாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. புதுப் பெயின்டில் பளபளக்கும் வண்டியைவிட, மங்கிப்போன பழைய பெயின்டோடு நிற்பதை நான் விரும்புவது அதனால்தான். மங்கிய வண்டியில் எல்லாமே கண்ணுக்குத் தெரியும்.

இன்ஜின் குளிர்ந்த பிறகு கிக்கர். சாவியைப் போட்டதும் ஹெட்லைட் கூட்டின் மேலே இருக்கும் ஆம்மீட்டர் முள்ளைப் பாருங்கள். பாயின்ட் மூடியிருந்தால் முள் மைனஸ் பக்கம் கொஞ்சம் சாயும்; திறந்திருந்தால் நடுவில் நிற்கும். கிக்கரை மெதுவாக அழுத்திக்கொண்டே போனால் ஓரிடத்தில் கனக்கும். அங்கே டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து, பிஸ்டன் மேல் முனையைத் தாண்டி இம்மி இறங்கும்வரை தள்ள வேண்டும். முள் நடுவுக்கு வந்திருக்கும். லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே சீரான உதை. பலம் தேவையில்லை. ஐம்பது கிலோ உடம்புக்காரர்களும் இப்படித்தான் புல்லட்டை எழுப்புகிறார்கள்.

டீகம்ப்ரஷன் போடாமல் அந்தக் கனத்த இடத்தில் கிக்கர் மேல் ஏறி நின்றால், நல்ல இன்ஜின் உங்கள் எடையைச் சற்று நேரம் தாங்கும். பிறகுதான் மெல்ல இறங்கும். நின்றதும் பொசுக்கென்று இறங்கினால் வால்விலோ ரிங்கிலோ கசிவு. உதைக்கும்போது கிக்கர் திருப்பி அடித்தால் பெரும்பாலும் டைமிங்கை அளவுக்கு மேல் முன்னால் தள்ளியிருக்கிறார்கள். "பிக்கப்புக்காக அப்படி வெச்சிருக்கு" என்று விற்பவர் சொல்வார். காலைக் காப்பாற்றிக்கொண்டு, அதைக் கையொப்பங்களின் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்ஜின் எழுந்ததும் புகை. பல வாரம் நின்ற வண்டி என்றால் முதல் சில நிமிஷம் வெள்ளையும் நீலமுமாகக் கக்கும். அதைப் பார்த்து ஓட வேண்டாம். அறையில் இருக்கும் ஆயில், பம்ப் வழியாக மெல்லக் கசிந்து கிராங்க் பக்கம் நிரம்பியிருக்கும். ஓட ஓடத் திரும்பிப் போய்விடும். ஐந்து நிமிஷத்துக்குப் பிறகும் ஆக்சிலேட்டர் திருகும்போதெல்லாம் நீலப் புகை தொடர்ந்தால்தான் ரிங், போர் என்று பேச வேண்டும்.

பிறகு சத்தம். மேலே டாப்பெட்டில் வரும் 'டிக் டிக்' சாதாரணம். குளிரில் கேட்டு, சூடானதும் குறையும் பிஸ்டன் சத்தமும் பயப்படக்கூடியதல்ல. அடியிலிருந்து, ஆக்சிலேட்டரைக் கூட்டிக் குறைக்கும் கணத்தில் வரும் மந்தமான 'தொம் தொம்' வேறு ரகம். இந்த இன்ஜினின் பழைய கிராங்கில் கனெக்டிங் ராடின் அடிமுனை ஒரு மிதவை புஷ் மேல் சுற்றுகிறது. ஆயில் நின்றால் முதலில் சாவது அதுதான். திருச்சியில் நான் பழகிய ஒரு பெரியவர், நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையைக் கிராங்க்கேஸில் வைத்து, பிடியைக் காதில் அழுத்தி, கண்ணை மூடிக்கொள்வார். "இது மேல் சத்தம் தம்பி, கீழ எறங்குது" என்றோ, "அடியிலேயே இருக்கு, வெலையைக் கொற" என்றோ சொல்வார். அவ்வளவுதான் அவர் தரும் அறிக்கை.

ஆயில் சுற்றுகிறதா என்பதற்கும் ஒரு எளிய சோதனை உண்டு. இன்ஜின் மெதுவாக ஓடும்போது ஹெட்டுக்கு வரும் ஆயில் குழாயின் போல்ட்டை அரைச் சுற்று தளர்த்தினால் ஆயில் கசிய வேண்டும். கசியவில்லையென்றால் உடனே நிறுத்திவிடுங்கள். டைமிங் கவரை எப்போதாவது கழற்றியிருந்தால், கிராங்குக்கு ஆயில் போகும் வாயில் இருக்கும் சின்னக் கார்க் சீலைப் புதிதாகப் போட்டிருக்க வேண்டும். நசுங்கிய பழையதையே வைத்து மூடுவார்கள். அந்தச் சீலின் விலை மிகச் சொற்பம். அதைப் போடாததால் வரும் கிராங்க் வேலையின் செலவு பெரிது. அதே இடத்தில் பம்பை ஓட்டும் வார்ம் நட்டு இடது மரை. தெரியாதவர்கள் அவிழ்ப்பதாக நினைத்து இறுக்கிச் சிதைத்திருப்பார்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது பழைய கைப்பழக்கம் வேண்டும். கியர் வலது காலில், முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. பிரேக் இடது காலில். சிக்னலில் நியூட்ரல் தேட, குதிகாலால் அழுத்தும் தனி லீவர் இருக்கிறது. முதல் கியர் தவிர மற்ற எதிலிருந்தும் நியூட்ரலுக்குக் கொண்டுவரும். மேட்டில் இரண்டாவது கியரில் இழுக்கும்போது கியர் தானாகக் கழன்றால் கியர்பாக்ஸ் பிரிக்க வேண்டியிருக்கும். எழுபது, எண்பது கிலோமீட்டர் வேகத்தில் இது நிம்மதியாகப் போகும் வண்டி. அதற்கு மேல் மணிக்கணக்கில் விரட்டிப் பார்த்து வாங்க வேண்டிய அவசியமில்லை.

பேரத்தில் எனக்கு ஒரே விதி. ஓடுகிற அவலட்சணத்தை வாங்கலாம். ஓடாத அழகை யோசிக்க வேண்டும். சாக்குமூட்டையில் வரும் இன்ஜினைத் தொடக் கூடாது. "எல்லா பார்ட்ஸும் இருக்கு, மாட்டினா போதும்" என்பார்கள். இல்லாமல் போன அந்த ஒரு பிராக்கெட்டைத் தேடிச் சென்னை புதுப்பேட்டைக்கும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்கும் அலைந்தவர்களுக்கு அந்த வாக்கியத்தின் விலை தெரியும்.

வண்டி வீட்டுக்கு வந்தாகிவிட்டது. இப்போது புதிய சொந்தக்காரரின் கை அரிக்கும். எதையும் பிரிக்காமல் இருப்பதுதான் முதல் வேலை. கழுவித் துடைத்து, எங்கிருந்து ஆயில் வருகிறது, எந்த ஒயர் எங்கே போகிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு எல்லா அளவுகளையும் நிறுவனம் சொன்ன நிலைக்குக் கொண்டுவாருங்கள். பாயின்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். குளிர்ந்த இன்ஜினில் புஷ்ராட் விரலால் சுழற்றினால் சுழல வேண்டும். மேலும் கீழும் ஆடக் கூடாது. டைமிங்கில், பாயின்ட் நடுவே வைத்த சிகரெட் காகிதம் எந்தக் கணத்தில் பிடி விட்டு நழுவுகிறதோ அதுதான் பாயின்ட் திறக்கும் கணம். கார்பரேட்டரில் அதற்குரிய எண் உள்ள ஜெட்.

இதை வலியுறுத்தக் காரணம் உண்டு. ஒரு கால் குட்டையான மேசைக்கு அட்டை வைத்து, அது அதிகமாகிப்போக அடுத்த காலுக்கும் அட்டை வைப்பதுபோல, பழைய வண்டிகளில் ஒரு குறையை மூட இன்னொரு குறையைச் செய்திருப்பார்கள். நான் அடிக்கடி பார்க்கும் ஒரு வரிசை இது. யாரோ கார்பரேட்டர் போல்ட்டுகளை மூச்சைப் பிடித்து இறுக்குகிறார்கள், ஃபிளாஞ்ச் வளைகிறது. வளைந்த இடைவெளியில் காற்று புகுந்து ஐடிலிங் ஏறி இறங்குகிறது, ஆக்சிலேட்டரை விட்டால் சைலன்சரில் 'படபட' என்கிறது. அடுத்தவர் பெட்ரோல் போதவில்லை என்று நினைத்து ஜெட்டில் கம்பியை விட்டுத் துளையைப் பெரிதாக்குகிறார். பிளக் கரி பிடிக்கிறது. அதற்கடுத்தவர் கரியைப் பார்த்து வேறு பிளக் போட்டு, டைமிங்கையும் முன்னால் தள்ளுகிறார். கடைசியில் வாங்கியவர் கையில் கிடைப்பது, நான்கு தவறுகள் ஒன்றையொன்று தாங்கிப் பிடித்து எப்படியோ ஓடுகிற வண்டி. இதில் ஒன்றை மட்டும் சரிசெய்தால் முன்னைவிட மோசமாக ஓடும். அப்போது சரிசெய்தவரைத்தான் திட்டுவோம்.

அதனால்தான் எல்லாவற்றையும் முதலில் அசல் அளவுக்குக் கொண்டுவந்து, அதன்பிறகு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மாற்றிவிட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். பிளக்கின் நிறம் உதவும். காப்பிப் பொடி நிறம் என்றால் நன்று. வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு அல்லது காற்றுக் கசிவு. உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம். எண்ணெய்ப் பசையோடு கருத்தால் ஆயில் மேலே வருகிறது. ஐடிலிங்கில் ஓடவிட்டுப் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் எப்போதும் கரியாகவே இருக்கும். நல்ல வேகத்தில் போய், கிளட்சைப் பிடித்து இன்ஜினை அங்கேயே அணைத்து, ஓரம் கட்டிக் கழற்றிப் பார்த்தால்தான் அந்த நிறம் எதையாவது சொல்லும்.

நண்பர் ஒருவரின் புல்லட் பதினைந்து நிமிஷம் ஓடியதும் நின்றுவிடும். சற்று இளைப்பாறினால் மறுபடி கிளம்பும். காயில் மாற்றினார்கள், பிளக் மாற்றினார்கள், கார்பரேட்டரைப் பிரித்தார்கள். காரணம் பெட்ரோல் மூடியில் இருந்தது. புதிதாகப் பெயின்ட் அடித்தபோது மூடியின் காற்றுத் துளை அடைபட்டுவிட்டது. பெட்ரோல் இறங்க இறங்க டாங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, இறங்குவதே நின்றுபோகும். இதே அறிகுறியைக் கண்டென்சரும் காட்டும். சூடேறினால் அது கைவிடும், ஆறினால் வேலை செய்யும். இரண்டையும் பிரித்தறிய வண்டி நின்ற உடனே மூடியைத் திறக்க வேண்டும். 'உஸ்' என்று காற்று உள்ளே போய், அடுத்த உதையிலேயே கிளம்பினால் துளைதான். மூடியைத் திறந்தும் பலனில்லாமல், இன்ஜின் ஆறியபின்தான் கிளம்புகிறது என்றால் கண்டென்சர் அல்லது காயில். பாயின்ட் முனைகள் கருகி ஒரு பக்கம் குழியும் மறுபக்கம் மேடுமாக இருந்தால் கண்டென்சர்மேல் சந்தேகம் உறுதியாகும்.

ஆயில் கசிவும் இப்படித்தான். "புல்லட்னா ஆயில் ஒழுகத்தான் செய்யும்" என்று சொல்லியே நாம் அதை வளர்த்துவிட்டோம். பிஸ்டன் இறங்கும்போது கிராங்க்கேஸுக்குள் அழுத்தம் உண்டாகிறது. அதை வெளியே விட்டு, காற்றை உள்ளே வரவிடாமல் தடுக்க 'டக்பில்' என்ற சின்ன ரப்பர்த் துண்டு இருக்கிறது. வெயிலிலும் ஆயிலிலும் அது வருஷக்கணக்கில் இறுகி, ஒட்டிக்கொள்ளும் அல்லது வெடிக்கும். வெளியேற வழியில்லாத அழுத்தம் எந்த இணைப்பு பலவீனமோ அதன் வழியே ஆயிலைத் தள்ளும். அங்கே பசை அப்பினால் அடுத்த இணைப்பு. அப்படியே இன்ஜின் முழுக்கப் பசை பூசிய வண்டிகள் இருக்கின்றன. ரப்பர்த் துண்டை மாற்றினால் பாதிக் கசிவு அன்றே நின்றுவிடும். அதுபோலவே, நின்ற வண்டியின் முதல் புகையைப் பார்த்து "ரிங் போச்சு" என்று நல்ல சிலிண்டரைப் போர் போட்டவர்களும் உண்டு. வார்ப்பிரும்புச் சிலிண்டரில் அறுத்த இரும்பு திரும்ப வராது. போர் போடும் வாய்ப்புகளும் எண்ணிக்கையில் அடங்கியவை.

மின்சாரக் கோளாறு என்று வந்தால் எர்த்தைத்தான் முதலில் தேடுவேன். இப்போது சேஸைப் பிரித்துப் பவுடர் கோட்டிங் போடுவது வழக்கமாகிவிட்டது. எர்த் ஒயர் உட்காரும் இடத்திலும் அந்தப் பூச்சு இருக்கும். மின்சாரம் அதைத் தாண்டாது. ஹாரன் அடித்தால் இண்டிகேட்டர் மங்குவது, பிரேக் பிடித்தால் ஹெட்லைட் துடிப்பது எல்லாம் பெரும்பாலும் எர்த் சரியாக இல்லாததால் வருபவை. அந்த இடத்தைச் சுரண்டி இரும்பு தெரிய வைத்தால் போதும். பழைய 6 வோல்ட் வண்டியில் இது இன்னும் முக்கியம். இருக்கிற கொஞ்சம் வோல்ட்டில் மோசமான இணைப்பு பெரும்பங்கைத் தின்றுவிடும். ஆம்மீட்டரை நம்புங்கள். சாலையில் போகும்போது, ஹெட்லைட் எரிந்தாலும் முள் நடுவிலோ பிளஸ் பக்கமோ நின்றால் சார்ஜ் ஆகிறது. மைனஸிலேயே கிடந்தால் ரெக்டிஃபையர், ஸ்டேட்டர் ஒயர்கள் என்று வரிசையாகப் பார்க்கலாம்.

வயதால் வரும் கேடே இல்லை என்று சொல்ல மாட்டேன். ரப்பர், கார்க், ஒயரின் மேலுறை, கண்டென்சர், டயர் இவை யாரும் தொடாவிட்டாலும் காலத்தால் சாகும். பழைய வண்டி வாங்கியதும் கேள்வி கேட்காமல் இவற்றை மாற்றிவிடுவது சிக்கனம். இப்போது பங்கில் கிடைக்கும் எத்தனால் கலந்த பெட்ரோல் இந்தப் பட்டியலை இன்னும் அவசரமாக்கிவிட்டது. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். டாங்க் அடியில் துரு பிடிக்கும். பழைய ரப்பரையும் பெட்ரோல் குழாயின் கார்க்கையும் கெடுக்கும். சில வாரம் ஓட்டப்போவதில்லை என்றால் பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, கார்பரேட்டர் காலியாகும்வரை இன்ஜினை ஓடவிட்டு நிறுத்துவது நல்ல பழக்கம். நின்ற வண்டியில் கிளட்ச் தட்டுகள் ஒட்டிக்கொள்ளும். கிளட்சைப் பிடித்தபடி இரண்டு மூன்று தடவை கிக்கரை அழுத்தி அவற்றைப் பிரித்துவிட்டு ஸ்டார்ட் செய்தால், முதல் கியர் இடி இடிக்காமல் விழும்.

அவசரக்காரர்களுக்கு இந்த வண்டி ஒத்துவராது. காலை ஒன்பது மணிக்கு வேலையில் இருந்தாக வேண்டும், வீட்டில் வேறு வண்டி கிடையாது என்பவர் புதியதாக ஒன்றை வாங்கிக்கொள்வதுதான் நியாயம். பழைய புல்லட்டை வைத்திருக்கிறவருக்கு விரலில் கறை படிவதில் கொஞ்சமாவது சந்தோஷம் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் தானே செய்ய வேண்டும் என்பதல்ல. நல்ல மெக்கானிக் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அவர் எதை எந்த வரிசையில் கழற்றுகிறார் என்று பார்த்தாலே பாதி கல்வி. அவசரப்படுத்தாதவரிடம்தான் அவரும் அவசரப்படாமல் வேலை செய்வார்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி வண்டிக்கென்று வைத்துவிடுங்கள். எந்தத் தேதியில், எத்தனையாவது கிலோமீட்டரில் ஆயில் மாற்றியது, எந்த எண் ஜெட் போட்டிருக்கிறது, சிலிண்டர் எத்தனை ஓவர்சைஸுக்குப் போர் போட்டிருக்கிறது, எந்த போல்ட்டுக்குப் புது மரை வெட்டியது, யார் செய்தது என்று எழுதுங்கள். கழற்றிய பழைய பொருளைத் தூக்கிப் போடாமல் சீட்டுக் கட்டிப் பெட்டியில் போடுங்கள். நாமும் இந்த வண்டியைத் தொட்டவர்களின் வரிசையில் ஒருவர்தான். நமக்குப் பிறகு வருபவர் நாம் செய்ததை ஊகித்துக்கொண்டிருக்க வேண்டாம். அப்படி ஒரு நோட்டோடு எனக்கு ஒரு வண்டி விற்பனைக்கு வந்தால், நான் விலையில் பேரம் பேசுவதில்லை.